வாசகர் கேள்வி–பதில்: இரண்டு வலையமைப்புகளை ஆர் மென்பொருளில் ஒப்பிடுவது

இந்தமுறை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. வகுப்பில் யார் யாரோடு சேர்ந்து படிக்கிறார்கள், சங்கத்தில் யார் யாரிடம் கைமாற்று வாங்குகிறார்கள், வினாக்கொத்தில் எந்தக் கேள்வி எதனோடு கூடி ஏறி இறங்குகிறது என்று தரவு சேர்த்து வைத்திருப்பவர்கள், அவற்றை வலையமைப்பாக்கி ஒன்றோடொன்று ஒப்பிடப் புறப்பட்டு இடைவழியில் நிற்கிறார்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து எது, சிறிய எழுத்து எது என்று வடிவாகப் பார்த்துத் தட்டுங்கள். ஆர் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்காது.

கேள்வி: லப்ரொப்பில் ஆர், ஆர்ஸ்ரூடியோ இரண்டையும் போட்டுவிட்டேன். ஐகிராப் பொதியை (வலையமைப்புக் கட்டளைகளை ஆருக்குச் சேர்த்துத் தரும் தொகுப்பு) இறக்கும்போது பாதியில் நின்றுபோகிறது. திரும்ப முயன்றால் ஏதோ ஒரு பூட்டுக் கோப்புறையைச் சொல்லி மறுக்கிறது. மூன்று நாளாக இதே பாடு. (மாணவி, கொக்குவில்)

பதில்: நின்றுபோவதற்கு ஒரு காரணம், திரும்ப மறுப்பதற்கு வேறொரு காரணம். ஒரு கோப்பை இறக்க ஆர் ஒதுக்கும் நேரம் வெறும் 60 விநாடி. தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைந்திருந்தால், அதுவும் பின்னேரம் எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரம் என்றால், பெரிய பொதி அதற்குள் வந்து சேராது. முதலில் ஒப்ஷன்ஸ்(ரைம்அவுட் = 600) என்று தட்டிவிட்டுப் பொதியைக் கேளுங்கள். இந்த அமைப்பு ஆரை மூடினால் போய்விடும். அடுத்த முறை திறக்கும்போது மீண்டும் தட்டவேண்டும்.

பூட்டுக் கோப்புறை என்பது பாதியில் நின்ற முயற்சி விட்டுச்சென்ற எச்சம். பெயர் இரண்டு பூச்சியத்தில் தொடங்கும், அதன் பின்னால் லொக் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது கிடக்கும்வரை அந்தப் பொதியை வேறு யாரோ நிறுவிக்கொண்டிருக்கிறார்கள் என்றே ஆர் நினைக்கும். புள்ளிலிப்பாத்ஸ்() என்று தட்டினால் பொதிகள் இருக்கும் இடத்தின் முகவரி வரும். ஆர்ஸ்ரூடியோவை மூடிவிட்டு அந்த இடத்துக்குப் போய்ப் பூட்டுக் கோப்புறையை மட்டும் அழியுங்கள். பிறகு திறந்து கேட்டால் வரும்.

இன்னொரு இடமும் உண்டு. சில வேளை, புதிய பதிப்பு மூலநிரலாகத்தான் இருக்கிறது, தொகுத்து நிறுவட்டுமா என்று ஆர் கேட்கும். ஆம் என்று சொல்லவேண்டாம். ஆர்ரூல்ஸ் என்ற தனித் தொகுப்பு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் நிறுவல் பிழையாகி நின்றுவிடும். இல்லை என்று பதில் சொன்னால் தயார்நிலையில் உள்ள சற்றுப் பழைய பதிப்பு வரும். உங்கள் வேலைக்கு அதுவே தாராளம்.

விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் பொதிகள் போகும் முகவரியிலும் தமிழ் எழுத்து வரும். ஆரின் 4.2 பதிப்பிலிருந்து பெரும்பாலும் சமாளிக்கிறது. என்றாலும் சில பொதிகள் அங்கே தடக்குப்படும். சீ ட்ரைவில் நேரடியாக ஆங்கிலப் பெயரில் ஒரு வெறும் கோப்புறையை உருவாக்கி, விண்டோஸின் சூழல் மாறிகளில் ஆர்_லிப்ஸ்_யூசர் என்ற பெயருக்கு அந்த முகவரியைக் கொடுங்கள். கோப்புறையை முதலில் உருவாக்கவேண்டும். இல்லாத முகவரியைக் கொடுத்தால் ஆர் ஒன்றும் சொல்லாமல் அதைக் கைவிட்டுவிடும். 4.2க்கு முந்திய பதிப்புகள் பொதிகளை டொக்கியுமென்ற்ஸ் கோப்புறைக்குள் போட்டன. அதை ஒன்ட்ரைவ் இழுத்துக்கொண்டு போனவர்களுக்குப் பொதி இருக்கும், ஆனால் திறக்காது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மாறுவதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

கேள்வி: எங்கள் கணினிக்கூடத்தில் இணையம் இல்லை. 20 கணினிக்கும் பென் ட்ரைவில் கொண்டுபோய்ப் போட ஏலுமா? (ஆசிரியர், பருத்தித்துறை)

பதில்: ஏலும். இணையமுள்ள ஒரு கணினியில் ரூல்ஸ் பொதியின் பக்கேஜ்_டிப்பென்டென்சீஸ் கட்டளைக்கு, வேண்டிய பொதிகளின் பெயரையும் ரிக்கேர்சிவ் = ட்ரூ என்பதையும் கொடுங்கள். அவை நம்பியிருக்கும் பொதிகள், அந்தப் பொதிகள் நம்பியிருப்பவை என்று முழுப் பட்டியல் வரும். இந்தப் பட்டியலில் நீங்கள் கேட்ட பொதிகளின் பெயரே இராது, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு டவுன்லோட்.பக்கேஜஸ் கட்டளையில் ரைப் = வின்.பைனரி என்று கொடுத்து எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் இறக்குங்கள். பட்டியலில் ஸ்ரற்ஸ், மெதட்ஸ் போன்ற சில கிடைக்கவில்லை என்று எச்சரிக்கை வரும். அவை ஆரோடு கூடவே வருபவை, பொருட்படுத்தவேண்டாம். கூடத்தில் ஆரின் சொந்தச் சாளரத்தைத் திறந்து, பக்கேஜஸ் பட்டியலில் உள்ளூர்க் கோப்பிலிருந்து நிறுவும் வரியை அழுத்தி, அத்தனை சிப் கோப்புகளையும் ஒன்றாகத் தெரிவு செய்யலாம்.

கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று: இறக்கிய கணினியிலும் கூடத்திலும் ஆர் பதிப்பு எண்ணின் முதல் இரண்டு பகுதியும் ஒன்றாக இருக்கவேண்டும். 4.4.1, 4.4.3 கலந்தால் பாதகமில்லை, 4.4க்கு இறக்கியதை 4.5இல் போட்டால் வில்லங்கம். ஆரின் நிறுவல் கோப்பையும் அதே பென் ட்ரைவில் கொண்டுபோனால் இந்தச் சிக்கலே வராது.

கேள்வி: மாதர் சங்க உறுப்பினர்களிடையே யார் யாரிடம் கைமாற்று வாங்குகிறார்கள் என்று இரண்டு ஆண்டுக்கான பட்டியல் இருக்கிறது. முதலாம் ஆண்டில் 38 பேர், இரண்டாம் ஆண்டிலும் அதே 38 பேர்தான். ஆனால் இரண்டையும் சேர்த்தால் மென்பொருள் 51 பேர் என்கிறது. பெயர்களைத் தாளில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. (வாசகர், கோப்பாய்)

பதில்: கண்ணுக்குத் தெரியாது. தமிழில் வலையமைப்புத் தரவு வைத்திருக்கும் எல்லோரும் இந்தப் பதிலை ஒருமுறை வாசிப்பது நல்லது. ஒப்பீடு பிழைப்பது பெரும்பாலும் சோதனையில் அல்ல, இங்கேதான்.

கொ என்ற எழுத்தை எடுங்கள். யூனிகோட்டில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ஒகரக் குறி ஒன்றும், அல்லது க, அதன்பின் எகரக் கொம்பு, அதன்பின் ஆகாரக் கால். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றே. எழுத்துக் குறிகளை எண்ணும் என்சார் கட்டளையில் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 2 என்றும் மற்றதற்கு 3 என்றும் வரும். முதலாம் ஆண்டுப் பட்டியலைத் தட்டியவர் ஒரு விசைப்பலகையிலும், இரண்டாம் ஆண்டை வேறொருவர் தொலைபேசியிலும் தட்டியிருந்தால், கொன்சி என்ற ஒரே ஆள் மென்பொருளுக்கு இரண்டு ஆள். ஓகாரத்துக்கும் இதே கதை. மருந்து எளிது: ஸ்ரிங்ஐ பொதியிலுள்ள எஸ்ரிஆர்ஐ_ட்ரான்ஸ்_என்எப்சி கட்டளையை இரண்டு பட்டியலின் பெயர்களிலும் ஓடவிட்டால் எல்லாம் ஒரு வடிவத்துக்கு வந்துவிடும்.

அது தொடாத இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது ஔகாரம். கௌரி என்று ஔகாரக் குறியோடு தட்டுபவர்களும் இருக்கிறார்கள். கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி கெளரி என்று முடித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவதில் இருப்பது உண்மையான ளகரம், ஆகவே கட்டளைக்கு அது வேறு சொல். இரண்டாவது ஸ்ரீ. இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஷகரத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன், ஸ்ரீமதி என்று யாழ்ப்பாணத்துப் பட்டியல் ஒன்றில் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப்பாருங்கள். இந்த இரண்டையும் ஜிசப் கட்டளையால் நீங்களே மாற்றவேண்டும்.

இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டிவைத்த எக்செல் கோப்பா? அது உள்ளே வெறும் ஆங்கில எழுத்து. தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேடம் மட்டும். யூனிகோட்டுக்கு மாற்றாமல் ஆருக்குக் கொடுக்கவே வேண்டாம். மாற்றிய பிறகும் முதலெழுத்துக்குப் பின்னாலுள்ள இடைவெளியைப் பாருங்கள். க. கௌரி ஒருத்தி, இடைவெளி இல்லாத க.கௌரி இன்னொருத்தி ஆகிவிடுவார்.

எக்செலில் சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி வேண்டாம். யூரிஎப்-8 என்று பெயரில் உள்ள சிஎஸ்வி வகையைத் தெரிவுசெய்யுங்கள். அது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். ஆகவே ரீட்.சிஎஸ்வி கட்டளையில் பைல்என்கோடிங் என்பதற்கு யூரிஎப்-8-பொம் என்று கொடுக்கவேண்டும். இல்லையென்றால் முதல் நிரலின் தலைப்பில் குப்பை ஒட்டும். தாயமாக, அதாவது நிரையிலும் நிரலிலும் பெயர் போட்ட சதுர அட்டவணையாக, வாசிப்பவர்கள் ரோ.நேம்ஸ் = 1, செக்.நேம்ஸ் = போல்ஸ் இரண்டையும் மறக்கக்கூடாது. மறந்தால் நிரல் தலைப்பிலுள்ள இடைவெளிகளை ஆர் புள்ளியாக்கிவிடும். நிரைப் பெயர்கள் அப்படியே நிற்கும். இரண்டும் பொருந்தாமல் போகும்.

உங்கள் பட்டியலைப் பொறுத்தவரை எங்கள் யோசனை, பெயரை விட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் கொடுப்பது. கைமாற்று விவரம் வேறு. பெயரோடு கணினிகளில் உலாவவிடக் கூடியதல்ல. பெயரும் இலக்கமும் உள்ள தாளைச் சங்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: தரம் 10இல் 25 பிள்ளைகள். முதலாம் தவணையிலும் மூன்றாம் தவணையிலும் யார் யாரோடு சேர்ந்து படிக்கிறார்கள் என்று குறித்தோம். முதலில் 60 சோடி, பிறகு 48 சோடி. இரண்டிலும் இருந்தவை 36. இந்த வலையமைப்புகள் ஒத்தவையா? எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் சாதாரண இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) எடுத்தால் போதாதா? (ஆசிரியை, சாவகச்சேரி)

பதில்: எண்ணிக்கையைத் தந்திருப்பதால் கணக்கைக் கையாலேயே போட்டுவிடலாம். 25 பேரில் சோடிகள் 25 × 24 ÷ 2 = 300. இரண்டு தவணையிலும் இருந்தவை 36, முதலில் மட்டும் 24, பிறகு மட்டும் 12, இரண்டிலும் இல்லாதவை 228.

இப்போது பாருங்கள். 36உம் 228உம் ஒத்துப்போகின்றன, ஆக 300இல் 264, அதாவது 88 வீதம் ஒற்றுமை என்று எழுதலாம். அல்லது, ஏதாவது ஒரு தவணையிலாவது இருந்த 72 சோடிகளில் 36 தான் நிலைத்தன, ஜக்கார்ட் சுட்டி 0.50 என்று எழுதலாம். இணைபுக் குணகம் எடுத்தால் 0.60. மூன்றும் பிழையில்லாத கணக்கு. ஆனால் 88 வீதம் என்பதன் பெரும்பகுதி, ஒருபோதும் சேர்ந்து படிக்காத சோடிகள் தொடர்ந்து சேராமல் இருந்ததால் வந்தது. வலையமைப்பு ஐதாக இருக்க இருக்க அந்த எண் தானாகவே உயரும். உறவு நிலைத்ததா என்று கேட்பவர் ஜக்கார்ட்டைத்தான் சொல்லவேண்டும். குணகத்தைப் பக்கத்தில் வைக்கலாம்.

எஸ்பிஎஸ்எஸ் தரும் குணகம் அதே 0.60 ஆகத்தான் வரும். பிழையாவது அதனோடு வரும் பி பெறுமானம், அதாவது இவ்வளவு ஒற்றுமை தற்செயலாகவே வரக்கூடிய வாய்ப்பு. அது 300 சோடிகளையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 300 அவதானங்களாக எண்ணுகிறது. ஒரு பிள்ளை யாரோடும் சேரும் சுபாவம் என்றால், அவளுடைய 24 சோடிகளும் அந்த ஒரே சுபாவத்தால் ஆட்டுவிக்கப்படுகின்றன. அவற்றை 24 தனித்தனிச் சாட்சிகளாக எடுக்க ஏலாது.

இதற்குத்தான் கியூஏபி என்ற கலக்கிப் பார்க்கும் சோதனை. ஒரு வலையமைப்பின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கணுக்களில் (இங்கே பிள்ளைகளைக் குறிக்கும் புள்ளிகளில்) ஒட்டிய பெயர்ச் சீட்டுகளை மட்டும் கழற்றிக் கலந்து திரும்ப ஒட்டுகிறது. தாயத்தில் நிரையும் நிரலும் ஒன்றாக நகரும். மற்ற வலையமைப்போடு குணகத்தைத் திரும்பக் கணிக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை. உங்கள் 0.60க்கு எட்டியவை அவற்றில் எத்தனை என்பதே பி.

எஸ்என்ஏ என்ற வலையமைப்புப் பொதியை ஏற்றிவிட்டுக் கட்டளை: கியூஏபிரெஸ்ற்(லிஸ்ற்(முதல், மூன்று), ஜிகோர், ஜி1 = 1, ஜி2 = 2, ரெப்ஸ் = 5000). அதற்கு முந்திய வரியில் செற்.சீட் கட்டளைக்கு ஏதாவது ஒரு முழு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு முறையும் பி சற்று மாறும்; பரிசோதகர் கேட்டால் பதில் இராது. முடிவில் பி பூச்சியம் என்று வந்தால் பூச்சியம் என்று எழுதவேண்டாம். 5000 கலக்கலில் ஒன்றும் எட்டவில்லை என்பதே அதன் பொருள், 0.0002க்குக் கீழ் என்று எழுதுங்கள். முடிவைப் புளொற் கட்டளையில் கொடுத்தால், கலக்கியபோது வந்த குணகங்களின் வளைவும் அதில் உங்கள் 0.60 நிற்கும் இடமும் தெரியும். அந்தப் படம் அட்டவணையை விட நன்றாகக் கதைக்கும்.

இதற்கெல்லாம் முதல் ஒரு வரி: ஐடென்ரிக்கல்(ரோநேம்ஸ்(முதல்), ரோநேம்ஸ்(மூன்று)). ட்ரூ என்று வராவிட்டால் நிறுத்துங்கள். கியூஏபி பெயரைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது. ஒரு தாயம் இடாப்பு ஒழுங்கிலும் மற்றது அகர வரிசையிலும் இருந்தால், குணகம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வரும். எந்த எச்சரிக்கையும் வராது. உறவுகள் முற்றாக மாறிவிட்டன என்று நீங்கள் அறிக்கை எழுதிவிடுவீர்கள். இரண்டாம் தாயத்தை முதலாவதன் பெயர் ஒழுங்கால் நிரையிலும் நிரலிலும் அடுக்கினால் தீர்ந்தது.

குறித்த நாளில் வராத பிள்ளையின் நிரையில் 0 போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 0 என்றால் யாரோடும் சேரவில்லை. வராதது வேறு விஷயம். அப்படியான பிள்ளையை இரண்டு தாயத்திலிருந்தும் எடுத்துவிட்டு, எடுத்ததை அறிக்கையில் சொல்லுங்கள்.

இன்னொன்று. கியூஏபி சொல்வது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை மட்டும். சோடிகள் 60இலிருந்து 48ஆகக் குறைந்தது, அதாவது அடர்த்தி (இருக்கக்கூடிய சோடிகளில் உண்மையில் இருப்பவற்றின் பங்கு) 0.20இலிருந்து 0.16ஆனது, தற்செயலா என்ற கேள்விக்கு அது பதிலல்ல. அதற்கு ஸ்னைடர்ஸ், போர்கற்றி இருவரும் 1999இல் தந்த வழி இருக்கிறது: கணுக்களைத் திருப்பித் திருப்பி மாதிரியெடுத்து அடர்த்தி வேறுபாட்டின் நியம வழுவை (அது தற்செயலாக ஆடக்கூடிய அளவை) காண்பது. யூசிநெற் மென்பொருளில் அது பட்டியலிலேயே இருக்கிறது. யூசிநெற் விண்டோஸில்தான் ஓடும்.

கேள்வி: இரண்டு கடற்றொழிலாளர் சங்கங்கள். ஒன்றில் 20 பேர், மற்றதில் 40 பேர். சிறிய சங்கத்தின் அடர்த்தி இரண்டு மடங்கு. அவர்கள்தான் ஒற்றுமையானவர்கள் என்று எழுதலாமா? (மாணவர், குருநகர்)

பதில்: எழுதவேண்டாம். இரண்டு சங்கத்திலும் ஒவ்வொருவருக்கும் சரியாக ஐந்து பேரோடு தொடர்பு என்று வைப்போம். 20 பேரில் அடர்த்தி 5 ÷ 19 = 0.26. 40 பேரில் 5 ÷ 39 = 0.13. ஆளுக்காள் ஒரே அளவு தொடர்பு. அடர்த்தி மட்டும் பாதி. ஒருவர் எத்தனை பேரோடு வள்ளம், வலை, எரிபொருள் பகிர முடியும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. சங்கம் இரண்டு மடங்கானால் அந்த அளவு இரண்டு மடங்காகாது. பருமன் வேறான வலையமைப்புகளில் சராசரித் தொடர்பெண்ணை முன்னால் வையுங்கள்.

கியூஏபி இங்கே சரிவராது, ஆட்கள் வேறு என்பதால். முக்கோணங்கள் எவ்வளவு மூடுகின்றன (ஒருவரோடு தொடர்புள்ள இருவர் தங்களுக்குள்ளும் தொடர்பா) என்று ஒப்பிட விரும்பினால், சங்கங்களை நேரடியாக மோதவிடாமல், ஒவ்வொன்றையும் அதே ஆள்தொகையும் அதே இணைப்புத்தொகையும் கொண்ட எழுமாற்று வலையமைப்புகளோடு முதலில் ஒப்பிடுங்கள். எஸ்என்ஏயில் கக்.ரெஸ்ற் கட்டளை, சிமோட் என்பதற்கு எட்ஜஸ். இருபக்கத் தொடர்பு என்றால் மோட் = கிராப் என்பதைக் கட்டளையிலும், பன்.ஆர்க்ஸ் பட்டியலுக்குள்ளும் இரண்டு இடத்தில் கொடுக்கவேண்டும்; ஒன்றில் விட்டால் திசையுள்ளதாக எண்ணிக் கணக்குப் போடும். எதிர்பார்த்ததை விட எது எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதைப் பிறகு பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

என்னதான் செய்தாலும் உங்களிடம் இருப்பது இரண்டு சங்கம். எந்தப் பி பெறுமானமும் தீவகத்துச் சங்கங்களைப் பற்றியோ குடாநாட்டுக் கரைகளைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது.

கேள்வி: மனஅழுத்தம் பற்றிய ஒன்பது கேள்விகள், 180 மாணவிகள், 60 மாணவர்கள். இரு பாலாரின் அறிகுறி வலையமைப்பை நெற்வேர்க்கொம்பரிசன்ரெஸ்ற் பொதியால் ஒப்பிடச் சொல்கிறார் மேற்பார்வையாளர். மாணவர் வலையமைப்பில் கோடுகளே குறைவு. இது முடிவா? (ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

பதில்: இல்லை. முதலில், இது மேலே சொன்ன வகை வலையமைப்பே அல்ல. அங்கே கோடு என்பது பார்த்துக் குறித்தது. இங்கே கோடு என்பது 240 பேரின் விடைகளிலிருந்து மதிப்பிட்ட பகுதி இணைபு, அதாவது மற்றக் கேள்விகளின் பங்கைக் கழித்தபின் இரண்டு கேள்விகளுக்கிடையே மிஞ்சும் தொடர்பு. மதிப்பீடு என்றவுடன் மாதிரியின் பருமன் உள்ளே வந்துவிடும். வழக்கமான மதிப்பீட்டு முறை சிறிய கோடுகளைத் தண்டித்துப் பூச்சியமாக்குகிறது; தரவு குறைந்தால் தண்டனை கூடும். 60 பேரின் படம் ஐதாகத் தெரிவதற்கு அந்த 60 என்ற எண்ணே போதும். சந்தேகமிருந்தால் 180 மாணவிகளில் எழுமாற்றாக 60 பேரை எடுத்து வரைந்து பாருங்கள், பல தடவை. கோடுகள் உதிர்வது தெரியும்.

சோதனை இதை ஓரளவு சமாளிக்கிறது. ஆட்களைக் குழு மாற்றிக் கலக்கும்போதும் 180, 60 என்ற பிரிப்பை அப்படியே வைத்திருப்பதால், பருமனால் வரும் ஏற்றத்தாழ்வு கலக்கியவற்றிலும் வந்துவிடும். ஆனால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வலு சிறிய குழுவின் கையில். ஆகவே வேறுபாடு இல்லை என்று வந்தால், கண்டுபிடிக்க முடியவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

என்சிரி கட்டளைக்கு இரண்டு தரவுச் சட்டகம் கொடுக்கவேண்டும்; நிரல்கள் அதே ஒழுங்கில், வெற்று விடை இல்லாமல். பெயார்ட் = போல்ஸ்; ஒரே ஆட்களை முன்பும் பின்பும் அளந்தால் மட்டும் ட்ரூ, அப்போது நிரைகளும் ஆள்வாரியாகப் பொருந்தவேண்டும். ஆம்–இல்லை விடையென்றால் பைனரி.டேற்றா = ட்ரூ. ஐரி என்பது கலக்கும் தடவை. முதலில் 10 கொடுத்து வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு 1000 ஆக்கி ஓடவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு வலையமைப்பை மதிப்பிடுவதால் 1000 என்பது 2000 மதிப்பீடு. மின்வெட்டு நேரமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் நின்றால் முதலிலிருந்துதான்.

வரும் விடைகளை இந்த ஒழுங்கில் வாசியுங்கள். முதலில் அமைப்பு மாறாமை: எல்லாக் கோடுகளிலும் மிகப் பெரிய வேறுபாடு எவ்வளவு, அது தற்செயலா. அடுத்தது மொத்த வலிமை: கோடுகளின் தனிப்பெறுமானக் கூட்டுத்தொகை. மறைக் கோடுகளும் இதில் வலிமையாகவே எண்ணப்படும் என்பதை மறக்கவேண்டாம். தனித்தனிக் கோடுகளைப் பார்ப்பது கடைசி, அதுவும் முதற்சோதனை வேறுபாடு காட்டினால் மட்டும். ஒன்பது கேள்விக்கு 36 கோடு. 0.05 மட்டத்தில் 36 சோதனை செய்தால், உண்மையில் ஒரு வேறுபாடும் இல்லாவிட்டாலும் சராசரியாக 1.8 கோடு வேறுபட்டதாகத் தலைகாட்டும். பி.அட்ஜஸ்ற்.மெதட்ஸ் என்பதற்கு ஹோம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். இயல்பு அமைப்பை நம்பியிருக்கவேண்டாம்.

இடையில் பிழைச் செய்தி வந்து நின்றால், பெரும்பாலும் ஒரு குழுவில் எல்லோரும் ஒரே விடை சொன்ன கேள்வி இருக்கும். விலகல் இல்லாத நிரலுக்கு இணைபு இல்லை. உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிய கேள்விக்கு 60 மாணவரும் இல்லை என்று சொல்லியிருப்பது நடக்கக்கூடியதே. ரேபிள் கட்டளையால் ஒவ்வொரு கேள்வியையும் குழுவாரியாக முதலிலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

எந்த அறிகுறி மையமானது என்று எழுத விருப்பம் இருந்தால் பூட்நெற் பொதியில் உறுதிப்பாட்டுக் குணகத்தை (ஆட்களைக் குறைத்தாலும் மைய ஒழுங்கு எவ்வளவு நிலைக்கிறது என்ற எண்) எடுங்கள். 0.25க்குக் கீழ் வந்தால் மையத்தைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், 0.5க்கு மேல் வந்தால் நிம்மதி. 60 பேரில் அது வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

கேள்வி: அதே ஆய்வுதான். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு உலகமாகத் தெரிகிறது. தமிழ்ப் பெயர்களும் பெட்டி பெட்டியாக வருகின்றன.

பதில்: படம் வரையும் கியூகிராப், ஒவ்வொரு வலையமைப்பிலும் கணுக்களைப் புதிதாக அடுக்குகிறது, அந்தந்தப் படத்தின் மிகப் பெரிய கோட்டையே முழுத் தடிப்பாக எடுக்கிறது. ஒன்றில் 0.45, மற்றதில் 0.25 என்றாலும் இரண்டும் ஒரே தடிப்பில் வரும். அவரேஜ்லேஅவுட் கட்டளையில் இரண்டையும் கொடுத்து வரும் இருப்பிடங்களை இரண்டு படத்துக்கும் லேஅவுட்டாகக் கொடுங்கள். மக்சிமம் என்பதற்கு இரண்டிலும் பெரிய எண்ணை, இங்கே 0.45ஐ, இரண்டு படத்துக்கும் கொடுங்கள். இது செய்யாமல் அச்சிட்ட சோடிப் படங்களைக் கண்ணால் ஒப்பிட முடியாது.

தமிழுக்கு ராக் பொதியின் ஏஜிஜி_பிஎன்ஜி வழியாகப் படத்தைச் சேமியுங்கள். எழுத்துரு நிர்மலா யூஐ. ஷோரெக்ஸ்ற் பொதியைப் பலர் சொல்வார்கள். அது எழுத்துகளை ஒவ்வொன்றாக வைக்கும் வகை. கொம்பு தன் இடம் மாறிப் பின்னால் போய் நிற்கும்.

கேள்வி: ஐகிராப்பில் ஒரு ஆளுக்கு நான்கு தொடர்பு. எஸ்என்ஏயில் எட்டு. எது சரி? (வாசகர், மானிப்பாய்)

பதில்: நான்கு. எஸ்என்ஏயின் டிகிரி கட்டளை, வேறு சொல்லாவிட்டால், வலையமைப்பைத் திசையுள்ளதாக எடுத்து வருவதையும் போவதையும் கூட்டும். ஜிமோட் = கிராப் என்று கொடுத்தால் நான்கு வரும். இரண்டு பொதியையும் ஒன்றாக ஏற்றினால், பின்னால் ஏற்றியதன் டிகிரி முன்னையதை மறைத்துவிடும் என்பதையும் கவனியுங்கள். பொதியின் பெயர், இரண்டு முக்காற்புள்ளி, பிறகு கட்டளை என்று எழுதினால் குழப்பம் இல்லை. இடைநிலை மையத்துக்கும் (மற்றவர்களை இணைக்கும் குறுகிய வழிகளில் ஒருவர் எவ்வளவு நடுவில் நிற்கிறார் என்ற அளவு) இதே எச்சரிக்கை. வெயிற் என்ற பெயரில் நிறை இருந்தால் ஐகிராப் அதைத் தூரமாக எடுக்கும். வாரத்தில் ஐந்து முறை சந்திப்பவர் ஒருமுறை சந்திப்பவரை விட ஐந்து மடங்கு தொலைவில் இருப்பதாகக் கணக்குப் போடும். நிறையைத் தலைகீழாக்கி, ஒன்றை அதனால் வகுத்துக் கொடுங்கள்.